சந்தையில் குடித்த இளநீர்

மீன்சந்தைக்கு வரைபடம் போட்ட பேரூராட்சிப் பொறியாளரே, விடியலிலிருந்து பெண்கள் உட்கார்ந்து விற்கிற இடத்தில் கழிப்பறை வைக்காமல் விட்டது நீங்கள்தான்!

அடக்கி அடக்கி, தண்ணீரே குடிக்காமல் மீன் விற்ற லூர்தம்மாள் சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பெண்கள் சங்கத்துச் சூசையம்மாள் பேரூராட்சித் தலைவரிடம் போனாள்.

"கழிப்பறை அவசியம்னு நிரூபி, பார்ப்போம்" என்றார் அவர்.

"சந்தைக்கு வாங்கய்யா, காட்டுறேன்."

வந்தவருக்கு இளநீர் வந்தது, பிறகு மோர், மறுபடி இளநீர். மரியாதை என்று குடித்தவர் சற்றைக்கெல்லாம் நெளிந்தார். கார் மீன்வண்டிகளுக்குப் பின்னால் சிக்கிக் கிடந்தது. சுவரோரமெல்லாம் பெண்கள்.

"எங்கேம்மா ஒதுங்குறது?"

"பொழுது சாயட்டுங்கய்யா. நாங்க அப்பதான் போவோம்."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. தலைவர் தலைகுனிந்தார், கழிப்பறை கட்டச் சொல்லி அன்றே உங்களுக்கு உத்தரவும் போட்டார்.

இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை நீங்கள். லூர்தம்மாள் திரும்பி வருவதற்குள் கட்டிக் கொடுத்துவிட்டு மறுவேலை பாருங்கள்!