ஓரத்துக் கோபுரம்

ஒரு கணினிக்குள் ஓர் ஊர் இருந்தது. மண் கிடையாது, வெயில் கிடையாது. நூறு புள்ளிகள்தான் அதன் ஜனத்தொகை. கடற்கரை ஊர் ஒன்றில் செல்போன் கோபுரங்களை எங்கே நடலாம் என்று பார்க்க, இஞ்சினியர் ஹெலன் அந்தப் புள்ளிகளை நடக்கவிட்டிருந்தாள்.

நடக்கும் விதி எளிது. ஏதாவது ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நேராகப் போக வேண்டும், மூன்று நொடி நின்றுவிட்டு வேறோர் இடத்துக்குக் கிளம்ப வேண்டும்.

ஊரின் வரைபடத்தில் இரண்டு கோபுரங்கள். ஒன்று நடுவில், ஒன்று தெற்கு ஓரத்து உப்பளத்தில். மாலைக்குள் போதிய புள்ளிகள் வராத கோபுரத்தை அழித்துவிடுவார்கள்.

எங்கிருந்து எங்கே போனாலும் வழி நடுவில்தான் குறுக்கிட்டது. நடுக்கோபுரத்துக்கு மூச்சுவிட நேரமில்லை. ஓரத்துக் கோபுரம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

மதியம் ஒரே ஒரு புள்ளி வந்தது.

"கொஞ்சம் இங்கேயே நில்லப்பா," என்று கெஞ்சியது ஓரத்துக் கோபுரம்.

"மூன்று நொடி நிற்பேன். அதற்கு மேல் விதி இல்லை."

"என் காலடியில் பார். பாத்தி பாத்தியாகக் கோடு போட்டிருக்கிறது. உப்பளம் என்றால் உப்பு வார ஆள் இருக்காதா? விடிந்ததும் வருவார்கள், பொழுது சாய வீட்டுக்குப் போவார்கள். நாளைக்கும் இதே இடத்துக்குத்தான் வருவார்கள்."

"இருக்கலாம். எனக்கு வேலை இல்லை, வீடு இல்லை, வயிறும் இல்லை. வந்த இடத்துக்கே நான் எதற்குத் திரும்பி வர வேண்டும்?"

புள்ளி சொன்னதில் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அது நேராக நடுவைப் பார்த்துப் போய்விட்டது.

மாலையில் ஹெலன் மேலதிகாரிக்குப் போன் செய்தாள். "தெற்குப் பக்கம் ஆள் நடமாட்டமே இல்ல சார். எடுத்திரலாமா?"

"எடுத்திரும்மா."

ஒரு பட்டனைத் தட்டினாள். ஓரத்துக் கோபுரம் இருந்த இடம் வெறும் வெள்ளையாகிவிட்டது.

நிஜ ஊரில் நடுக்கோபுரம் மட்டும் எழுந்தது. அடுத்த கோடையில், நிஜ உப்பளத்தில், உப்பு வாரிக்கொண்டிருந்த சகாயம் பாத்திக்குள் சுருண்டு விழுந்தார். மனைவி ரெஜினா போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினாள்.

"ஆம்புலன்சுக்குப் போன் போவ மாட்டக்குக்கா. சிக்னல் ஒரு கோடுகூட இல்ல," என்றாள் பக்கத்துப் பாத்திக்காரியிடம்.

மெயின்ரோடுவரை ஓடித்தான் அவளால் பேச முடிந்தது. திரும்பி வந்தபோது, சகாயத்தின் முகத்தை யாரோ துண்டால் மூடியிருந்தார்கள்.

வருஷக் கடைசியில், நடுக்கோபுரம் தன்னிடம் வந்த புகார்களையெல்லாம் தொகுத்து அறிக்கை அனுப்பியது. அதில் ஒரு வரி: "தெற்கு ஓரத்திலிருந்து ஓர் அழைப்புகூட வரவில்லை. அங்கே யாருக்கும் குறையில்லை."