வெளி அறையில் ஒரு நாற்காலி

குரு என்றால் தாடி வேண்டும், ஆசிரமம் வேண்டும் என்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே மூடிவிடலாம். எங்கள் குருவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஸ்கூட்டியில் வருவார். பெயர் செண்பகவல்லி. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டு ஏசிகளைச் சோதித்து, இதை விற்கலாம், இதை விற்கக்கூடாது என்று சொல்கிற சோதனைக்கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு.

சீடருக்கு ஐம்பத்து நாலு வயது. எபினேசர் அண்ணன். முப்பது வருஷம் வடசென்னையில் ஏசி மாட்டியவர். முழங்கால் போய், ஏணி ஏற முடியாமல் ஆன பிறகு எங்களிடம் சோதனை பழக வந்தார். கம்ப்ரெசர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்வார். மேடமும் அவரை அண்ணே என்றுதான் அழைப்பார். ஆனால் தப்பாக எழுதிக்கொண்டு போனால் ஒரு வார்த்தை பேசாமல் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதில் அண்ணன் தம்பி எல்லாம் கிடையாது.

எங்கள் கூடத்தில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு சுவர். ஒன்று உள் அறை. யாரோ ஒருவர் வீட்டுப் படுக்கையறை என்று வைத்துக்கொள்ளுங்கள், கட்டிலும் ஆளும்தான் இல்லை. இன்னொன்று வெளி அறை. அதுதான் தெரு. ஏசியின் உள் பெட்டியை இங்கேயும் வெளிப் பெட்டியை அங்கேயும் வைத்து ஓட்டுவோம். வெளிப் பெட்டி கக்குகிற சூட்டை ஒரு பெரிய இயந்திரம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் அந்தத் தெருவில் எப்போதும் முப்பத்தைந்து டிகிரி. வெளியே ஐப்பசி மழை கொட்டினாலும் அங்கே முப்பத்தைந்து. சூரியன் இல்லை, நிழல் இல்லை, காக்கா இல்லை. உள்ளே போய்விட்டு வந்தால் மணி என்ன, மாசம் என்ன என்று கொஞ்ச நேரம் பிடிபடாது. எனக்கு அந்த அறையைப் பிடிக்காது. தூக்கத்தில் வருகிற தெரு மாதிரி இருக்கும்.

அந்த அறையின் மூலையில் ஒரு மர நாற்காலி கிடந்தது. எதற்கென்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஒருமுறை நான் அதைத் தூக்கி வெளியே போடப் போனேன். இருக்கட்டும் என்றார் மேடம். சரி, பெரியவர்கள் சொன்னால் இருக்கட்டும்.

அந்த வருஷம் ஏசி தேறுவதற்கான அளவை அரசாங்கம் உயர்த்தியிருந்தது. ஒரு பங்கு கரண்டை வாங்கினால் மூன்றரைப் பங்கு சூட்டை வீட்டிலிருந்து எடுத்து வெளியே போட வேண்டும். அதற்குக் குறைந்த ஏசி கடைக்கே போகக்கூடாது.

அப்போதுதான் தணிகாசலத்தின் ஏசி வந்தது. எபினேசர் அண்ணனும் தணிகாசலமும் ஒரே ஏணியின் முன்னும் பின்னும் பிடித்துத் தொழில் பழகியவர்கள். தணிகாசலம் பிறகு சொந்தமாக அம்பத்தூரில் ஒரு ஷெட் போட்டார். பதினாலு பேர் வேலை பார்க்கிறார்கள். முந்நூறு ஏசி செய்து, அட்டைப்பெட்டியில் அடைத்து, அடுக்கி வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் சோதனைக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். தேறினால் ஷெட் நிற்கும். தேறாவிட்டால் ஷெட்டுக்குப் பூட்டு. ரிசப்ஷனில் உட்கார்ந்து, காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தார்.

எபினேசர் அண்ணன் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். மூன்று தடவையும் மூன்று புள்ளி நாலு ஆறு. தாளை எடுத்துக்கொண்டு மேடத்தின் மேஜை முன்னால் போய் நின்றார்.

"ரவுண்டா எழுதினா மூணரை மேடம்."

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"நூலளவுதானே. அந்த நூல் குறைஞ்சா யாருக்கு என்ன மேடம்?"

"நல்ல கேள்வி. போய்ப் பார்த்துட்டு வாங்க அண்ணே."

எங்கே என்று அவர் கேட்பதற்குள் மேடம் எழுந்து நடந்துவிட்டார். வெளி அறையைத் திறந்து, அந்த நாற்காலியைக் காட்டினார். தணிகாசலத்தின் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலிக்கு நேர் எதிரே அதன் வெளிப் பெட்டி. கதவைப் பூட்ட மாட்டேன், முடியாதபோது எழுந்து வந்துவிடுங்கள், நானும் அதில் உட்கார்ந்தவள்தான் என்றார். பிறகு வெளியே வந்து, சூட்டை உறிஞ்சுகிற பெரிய இயந்திரத்தை அணைத்தார்.

நாங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். முப்பத்தாறு. முப்பத்தெட்டு. அண்ணன் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். நாற்பது. கண்ணை மூடினார். எனக்குப் பயமாக இருந்தது. மேடம் கதவின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே நடந்ததை அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். தூங்கினேனா, முழித்திருந்தேனா, சத்தியமாகத் தெரியாது என்றார்.

சுவர் மெல்ல விலகிப் போனதாம். அந்த இடத்தில் பெரம்பூர்ப் பக்கத்துச் சந்து ஒன்று நீண்டுகொண்டே போனது. இரண்டு பக்கமும் வெளிப் பெட்டிகள். எல்லாம் சத்தமில்லாமல் சுற்றின. ஒவ்வொன்றும் அவர் மாட்டியது. செம்புக் குழாயை வளைப்பதில் ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு கை இருக்கும். அத்தனையும் அவர் வளைத்த வளைவு.

இங்கே ஒரு தொழில் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஏசி மாட்டும்போது மிச்சமாகிற செம்புக் குழாய் மாட்டுகிறவனுக்கு. கேட்க வேண்டியதில்லை, அது அப்படித்தான். இரண்டு பெட்டிக்கும் தூரம் குறையக் குறைய மிச்சம் கூடும். அதனால் வெளிப் பெட்டியை யாரும் மொட்டைமாடிக்குத் தூக்க மாட்டார்கள். கைக்கெட்டிய சுவரில், எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்து மாட்டிவிடுவார்கள். அண்ணனும் அப்படித்தான் முப்பது வருஷம் மாட்டினார்.

அந்தச் சந்தில் ஒரு பச்சை ஜன்னல். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், அவர் ஏணியில் நின்றபோது, அந்த ஜன்னலிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டிருக்கிறார். வீட்டுக்காரர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், இந்தக் காற்றுதான் அவருக்கு ஆறுதல், பெட்டியைக் கொஞ்சம் மேலே மாட்டக்கூடாதா தம்பி என்று கேட்டார். சூடான காத்துதானேக்கா, கலைஞ்சு போயிடும் என்று சொல்லிவிட்டு இவர் திருகாணியை முடுக்கினார். அடுத்த வருஷம் சர்வீஸுக்குப் போனபோது அந்த ஜன்னல் சாத்தியிருந்தது. அதற்கடுத்த வருஷமும் சாத்தியிருந்தது. ஆறு வருஷம் போனார், ஒரு நாளும் அது திறந்திருந்ததைப் பார்க்கவில்லை. அப்போது அது அவர் மனசில் ஒட்டவே இல்லை.

இப்போது அந்த ஜன்னல் திறந்திருந்தது. அண்ணன் வெளியே இல்லை, உள்ளே இருந்தார். நாற்காலி கட்டிலோரமாகக் கிடந்தது. கட்டிலில் படுத்திருந்தவர் மெதுவாகத் திரும்பி இவரைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. வெகு நாளாக எதிர்பார்த்த விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இந்தக் காத்து எங்கேயிருந்து தம்பி வருது?" என்று கேட்டார்.

 அதோடு எழுந்துவிட்டேன் என்றார் அண்ணன்.

நாற்பத்து மூன்று டிகிரியில் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மேடம் தண்ணீர் நீட்டினார். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தாளை எடுத்தார். மூன்று புள்ளி நாலு ஆறு, தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் தண்ணீர் குடித்தார்.

"அந்த நூல் எங்கேயும் போகலை மேடம். அதிகமா இழுத்த கரண்டு அத்தனையும் சூடாத்தான் தெருவுக்கு வருது. முந்நூறு ஜன்னல்."



வெளிப் பெட்டியில் ஒரு வரிசை செம்புக் குழாய் குறைகிறது என்றார் அண்ணன். முதல் தடவை ஓட்டியபோதே சத்தத்தில் தெரிந்துவிட்டதாம், வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு வரிசையைப் போட்டால் மூன்றரையைத் தாண்டிவிடும். ஆனால் முந்நூறு பெட்டியையும் பிரிக்க வேண்டும், பதினாலு பேரும் மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டும். ஷெட் அதுவரை தாங்குமா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

சொல்லிவிட்டு ரிசப்ஷன் பக்கம் பார்த்தார். தணிகாசலம் எங்களைப் பார்த்து எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"இருபது வருஷம் ஒரே ஏணி மேடம். ஒரு நூலுக்காகவா என் கழுத்தை அறுத்தேன்னு கேப்பான். நான் என்னத்தைச் சொல்றது?"

வெளி அறையில் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய இயந்திரத்தை மேடம் இன்னும் போடவில்லை. கண்ணாடி வழியாக அந்த மூலையைக் காட்டினார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் அண்ணே. அவரையும் வரச் சொல்லுங்க, நாற்காலி அங்கேயேதான் இருக்கு."