பன்னிரண்டு அறை விதை

தை மாதம் பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு முப்பத்தேழு வெளிமான்கள் கரட்டுக்குளத்தின் கரையில் நின்று வேடிக்கை பார்த்தன. எதிரே மூன்று பொக்லைன் வண்டிகள் சீமைக் கருவேலங்காட்டை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தன. மான் கூட்டத்தின் தலைவன் பெயர் முறுக்கன். திருகிய கொம்புகளால் வந்த பெயர்.

நான்காம் நாள் வண்டிகள் போய்விட்டன. பிடுங்கிய வேர்களை மனிதர்கள் கொளுத்தினார்கள். சாம்பலும் வெறும் செம்மண்ணும் மிஞ்சின.

"இனி இது நம்ம வெளி!" என்று குட்டிகள் துள்ளின.

"இன்னும் இல்ல," என்றது முறுக்கன். "மண்ணுக்குள்ள முள்ளு விதை கிடக்கு. ஐப்பசி மழையில புல்லு முந்துச்சுன்னா வெளி நமக்கு. முள்ளு முந்துச்சுன்னா பழையபடி காடுதான்."

அப்படி ஆனால் என்ன நடக்கும் என்பது எல்லா மான்களுக்கும் தெரியும். போன வருடம் முள்ளுக்குள் மேய்ச்சல் இல்லாமல் ஐந்து மான்கள் சாலையைத் தாண்டிச் சோளக்காட்டுக்குப் போயின. அங்கே நாய்கள் இருந்தன. ஐந்தும் திரும்பவில்லை. அவற்றில் ஒன்று முறுக்கனின் தங்கை.

முள்காடு போனதில் நரிக்கு மட்டும் வருத்தம். ஒளிந்திருந்து மான்குட்டிகளைப் பிடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

"முள்ளை விதைச்சதே நீங்கதானே மாப்பிள்ளை!" என்று அது முறுக்கனைச் சீண்டியது. "கருவேல நெத்தைத் தின்னீங்க. நடந்த இடமெல்லாம் புழுக்கை போட்டீங்க. முளைச்சுது!"

நரி சொன்னது உண்மை. அன்றே முறுக்கன் கூட்டத்துக்கு உத்தரவு போட்டது. "இனி யாரும் நெத்துல வாய் வைக்கக் கூடாது!"

குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கரடு உண்டு. முள் ஏறாத அந்தப் பாறைச் சரிவில் மட்டும் கொழுக்கட்டைப்புல்லும் ஊசிப்புல்லும் கதிர் முற்றி நின்றன. விதை வேண்டுமே என்று மான்கள் அதை மேயாமல் காவல் காத்தன. கரட்டின் அடியில் எறும்புகளின் களஞ்சியம் இருந்தது. அதன் மணியக்காரி குறுணி. அதுவே மான்களைத் தேடி வந்தது.

"விதைக்கா கவலைப்படறீங்க? எங்ககிட்ட பன்னிரண்டு அறை இருக்கு. கூரை முட்டப் புல்விதை. எட்டு வருஷச் சேமிப்பு. அத்தனையும் எடுத்துக்குங்க! முள்ளு நிழல்ல எங்க பொந்து காயறதே இல்ல. வெயில் வந்தா எங்களுக்கும் நல்லதுதான்."

மான்கள் ஆரவாரம் செய்தன. நரியும் சேர்ந்து ஆரவாரம் செய்தது.

நரிக்கு ஒரு விஷயம் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் வெள்ளத்தில் எறும்புப் பொந்தின் ஓர் அறை உடைந்து, அதிலிருந்த விதை முழுதும் ஈர மண்ணில் சிதறிக் கிடந்தது. அதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஏன் என்று நரிக்குத் தெரியாது. தெரிந்ததை அது வெளியே சொல்லவும் இல்லை.

"மணியக்காரம்மாவே குடுத்தாச்சு," என்றது நரி. "பின்ன கரட்டுப் புல்லை எதுக்குக் காவல் காக்கறீங்க? கதிரோட மேய்ஞ்சு தீத்துடுங்க! பாவம், வயிறு ஒட்டிப் போச்சே!"

மான்கள் கரட்டின் பக்கம் திரும்பின.

"நில்லுங்க!" என்று ஒரு குரல் கேட்டது. கிளறி என்ற கவுதாரி கற்களுக்கு இடையிலிருந்து ஓடிவந்தது. நாளெல்லாம் மண்ணைக் கிளறுவது அதன் தொழில். "பன்னிரண்டு அறையும் முளைக்குமான்னு யாராவது பாத்தீங்களா?"

குறுணிக்குக் கோபம் வந்துவிட்டது. "என் களஞ்சியத்தைச் சந்தேகப்படறியா? ஒரு விதையாவது புழுத்திருக்கா, வந்து பாரு!"

"புழுக்கலைன்னா முளைக்கும்னு அர்த்தமா? அறைக்குப் பத்து விதை குடுங்க. சேத்துல போட்டுப் பாக்கறேன். ஏழு நாள் போதும்."

"ஏழு நாளா!" என்றது நிறைசூலாக இருந்த ஒரு பெண்மான். "உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு ரெண்டு வயித்துக்குத் திங்கணும் நான். நீ கொத்தறது புழு. உனக்கென்ன!"

முறுக்கன் யோசித்தது. பிறகு சொன்னது, "கதிரை விட்டுட்டு அடித்தாளை மட்டும் மேயுங்க. ஏழு நாள்."

கிளறி குளத்தங்கரைச் சேற்றில் பன்னிரண்டு வரிசை போட்டது. பதின்மூன்றாவதாக இன்னொரு வரிசையும் போட்டது. அதில், கரட்டின் பாறை இடுக்கில் நனையாமல் கிடந்த போன வருடத்து விதைகள் பத்து.

நான்காம் நாள் நரி மான்களிடம் வந்து உட்கார்ந்தது. "ஒரு கோழிக்குஞ்சு பேச்சைக் கேட்டுப் பட்டினி கிடக்கற மானை நான் இப்பத்தான் பாக்கறேன்!"

மூன்று இளைய மான்கள் கரட்டின் மேல் ஏறின. முறுக்கன் குறுக்கே நின்று கொம்பைத் தாழ்த்தியது. "கதிரைத் தொடணும்னா என்னைத் தாண்டிப் போங்க." மூன்றும் இறங்கின.

ஏழாம் நாள் எல்லாரும் சேற்றைச் சுற்றிக் கூடினார்கள். பன்னிரண்டு வரிசையிலும் ஒரு முளைகூட இல்லை. பதின்மூன்றாம் வரிசையில் ஏழு முளைகள் பச்சையாக நின்றன.

கிளறி ஒரு விதையை எடுத்துத் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. விதையின் முனையில் சின்னதாக ஒரு வெட்டு. அடுத்ததிலும் அதே வெட்டு. எல்லாவற்றிலும் இருந்தது.

"மணியக்காரம்மா, முளைக்கற மூக்கைக் கிள்ளிட்டீங்களா?"

"ஆமாம், கிள்ளித்தானே வைப்போம்!" என்றது குறுணி. "கிள்ளலைன்னா ஈரம் பட்டதும் களஞ்சியமே முளைச்சுடும். அப்புறம் நாங்க எதைத் திங்கறது? எங்க குலத்து வழக்கம் அது. விதைக்க ஆகாதுன்னு எனக்குத் தோணவே இல்ல. தப்பா?"

"தப்பே இல்ல. அது நல்ல சோறு. நமக்கு வேணும்கிறது விதை."

நரி மெல்ல எழுந்தது. "போன வெள்ளத்துலயும் இப்படித்தான்..." என்று தொடங்கி, சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

முறுக்கன் அதைப் பார்த்தது. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

நரி அதற்குள் குளத்தங்கரையைத் தாண்டியிருந்தது.

கரட்டில் கதிர்கள் அப்படியே நின்றன. அவை உதிரப் பத்து நாட்கள்தான் இருந்தன.

"கிள்ளாம சேர்த்தா நனைஞ்சு முளைச்சுடுமே," என்று குறுணி கலங்கியது.

"நனையாத இடத்துல வைப்போம்," என்றது கிளறி. கரட்டின் உச்சியில் கறையான் விட்டுப்போன புற்று ஒன்று இருந்தது. கல்லைப் போலக் கெட்டி. மழை உள்ளே இறங்காது. அடியில் போட வேர் கொளுத்திய சாம்பல் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் நான்கு லட்சம் எறும்புகள் கரட்டில் ஏறின. கிளறி முறை சொன்னது. ஒரு புதரில் மூன்றில் ஒரு பங்கு கதிர்தான் எடுக்க வேண்டும். மீதி கரட்டுக்கு. உயர்ந்த புல்லில் மட்டுமே எடுத்தால் போதாது. பாறை மேல் காய்ந்து குட்டையாக நிற்பதிலும் எடுக்க வேண்டும். ஒரு வருடம் மழை பொய்த்தால் அதுதான் தாங்கும்.

பழக்கம் விடவில்லை. முதல் நாளே பல எறும்புகள் மூக்கைக் கிள்ளிவிட்டுக் கொண்டுவந்தன. குறுணி புற்றின் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு விதையையும் பார்த்தது. கிள்ளியதைத் திருப்பி அனுப்பியது.

"வாயை மூடிக்கிட்டுத் தூக்குங்கடி!" என்று கத்தியது.

"வாயாலதான் தூக்கறோம். எப்படிம்மா மூடறது?" என்றது ஓர் எறும்பு.

கூட்டமே சிரித்தது. ஆனாலும் மூன்றாம் நாளிலிருந்து ஒரு விதையும் திரும்பிப் போகவில்லை. பாறையில் காயவைத்து, சாம்பலில் புரட்டி, புற்றின் கழுத்துவரை நிரப்பினார்கள்.

ஆடி மாதம் புற்றின் மேலே பத்து, நடுவில் பத்து, அடியில் பத்து என்று எடுத்துக் கிளறி மறுபடி சேற்றில் போட்டது. இருபத்தொன்று முளைத்தன. குறுணி தானே மூன்று முறை எண்ணிப் பார்த்தது.

ஐப்பசி முதல் நாள் எறும்புகள் விதையைப் பாறை மேல் கொட்டின. மான்கள் அதில் புரண்டன. ஊசிப்புல் விதை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. கொழுக்கட்டைப்புல்லும் ரோமத்தில் சிக்கியது. வெளியெங்கும் ஓடி, உதறி, குளம்பால் மிதித்து மண்ணுக்குள் இறக்கின. மூன்றாம் நாள் மாலை மழை இறங்கியது. ஒன்பதாம் நாள் செம்மண் பச்சையானது!

முள்ளும் முளைக்கத்தான் செய்தது. ஆனால் புல் முந்திவிட்டது. அதன் நெருக்கத்தில் முள்கன்றுகள் மூச்சுத் திணறி மஞ்சளாயின. மான்கள் சாலையைத் தாண்டவில்லை.

கார்த்திகையில் நரி வந்தது. நான்கு விரல் உயரப் புல்லில் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

"நரியண்ணே!" என்று தொலைவிலிருந்து கிளறி கூவியது. "வால் தெரியுது! காது தெரியுது! முழுசா தெரியறீங்க!"

மான்குட்டிகள்கூட ஓடவில்லை. நரி எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, நேராக நடந்து போய்விட்டது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

முளைக்குமா என்று பார்க்காமல் சேர்த்தது எத்தனை அறை நிறைந்தாலும் விதையாகாது.

அடுத்த ஆண்டு மாசி எட்டாம் நாள், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து முயல்கள் தங்கள் வெளிக்கு விதை கேட்டு வந்தன. குறுணி தையில் புதிதாக நிரப்பிய புற்றைத் திறந்து கொடுத்தது.