சுவரைப் பார்த்து ஊதியவர்

அருளப்பன் போலீஸ் பேண்டில் டிரம்பெட் ஊதுகிற காவலர். வேகமான இடம் வந்தால் அவருக்கு நாக்கு தடுக்கிவிடும். அடுத்த மாதம் தேர்வு. தேறாவிட்டால் பேண்டை விட்டு, துப்பாக்கியோடு கருவூல வாசலில் நிற்க வேண்டும். பதினெட்டு வருடம் ஊதியவருக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

பாளையங்கோட்டையில் டிரம்பெட் சொல்லிக்கொடுக்கும் ஞானாபரணம் மாஸ்டரிடம் போனார். மாஸ்டர் அவரைவிட நான்கு வயது இளையவர்.

முதல் நாள் மாஸ்டர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஊதும்போது நாக்கால 'து' சொல்லும். அடுத்து 'கு'. துகு, துகு. நாக்கு காத்தைத் தொட்டுட்டு விலகணும். மறிச்சிட்டு நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா? போலீஸ்காரருக்குச் சந்தேகத்தைச் சீருடையோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அருளப்பனுக்கு இரண்டு செட் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மாஸ்டர் வாசித்துக் காட்டும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, சுத்தமாக விழும்.

"ஏன் மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்புதிய?"

"பழக்கம்."

"தொழில் ரகசியம் ஏதும் உண்டோ?"

"துகுதான் ரகசியம். ஊதும்."

அருளப்பன் நம்பவில்லை. அறையில் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி பீரோ ஒன்று இருந்தது. தினம் ஒரு சாண் நாற்காலியை நகர்த்தினார். ஐந்தாம் நாள் மாஸ்டரின் முகம் கண்ணாடியில் அகப்பட்டது. டிரம்பெட் உதட்டின் நடுவில் இல்லை, இடது ஓரத்தில் இருந்தது. தாடையும் கோணியிருந்தது.

ஆள் சிக்கினான் என்று நினைத்துக்கொண்டார்.

காய்ச்சல் என்று சொல்லி வகுப்புக்குப் போகாமல், பத்து நாள் வீட்டில் வாயைக் கோணி ஊதினார். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு உதடு வெடித்து வீங்கியது. இருந்த சத்தமும் போயிற்று. வேறு வழியில்லாமல் மாஸ்டரிடம் வந்தார்.

மாஸ்டர் உதட்டைப் பார்த்தார். பிறகு பீரோவைப் பார்த்தார்.

தன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். வலது பக்கம் மூன்று பல் இல்லை.

"பஸ்ஸுல பிரேக் போட்டான். முன் சீட்டுக் கம்பியில இடிச்சுது. நடுவுல வச்சா எனக்குக் காத்து ஒழுகும். அதான் ஓரத்துக்குப் போனேன்."

"திங்கக்கிழமை தேர்வு மாஸ்டர்."

"இந்த உதட்டோட முடியாது."

அருளப்பனுக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"நீங்க மறைக்கப் போய்த்தானே நான் ஒளிஞ்சு பாத்தேன்?"

மாஸ்டர் நாற்காலியை இழுத்து, முதல் நாள் போலவே எதிரே உட்கார்ந்தார்.

"உம்ம வாய்க்கு உள்ளத உம்ம மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். என் வாய்க்கு உள்ளதத்தான் சுவரப் பாத்து ஊதினேன்."