சவ்வாதன் கொடுத்த பத்து நாள்

ஒரு காட்டாற்றின் மடுவில் துடுப்பன் என்ற நீர்நாயும் அவன் மனைவி நீலியும் வாழ்ந்துவந்தார்கள்.

மழைக்காலத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கோடைதான் எமன். கோடையின் கடைசிப் பத்து நாளில் மடு முழுக்க வற்றி, சேறும் காய்ந்துவிடும். போன கோடையில் நீலியின் தோல் பாளம் பாளமாக வெடித்தது. அவள் பிழைத்ததே பெரிய காரியம்.

"இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாதுங்க" என்றாள் நீலி.

மலை உச்சியில் வற்றாத சுனை ஒன்று இருந்தது. ஆனால் நினைத்தவர்கள் எல்லாம் அதில் போய் இறங்கிவிட முடியாது. ஆதியில் அதைத் தோண்டிய குடும்பங்களுக்கு மட்டும் வருடத்தில் இத்தனை நாள் என்று முறை உண்டு. வாசலில் ஓர் உடும்பு காவல் இருந்தது. யாருக்கு எத்தனை நாள் என்பதை அது பாறையில் கீறி வைத்திருக்கும்.

அப்படி முறை உள்ளவர்களில் ஒருவன் சவ்வாதன் என்ற புனுகுப்பூனை. அவன் நடந்துபோனால் காடே மணக்கும். பேச்சு அதைவிட மணக்கும்!

மழை தொடங்கிய சமயம், அவனாகவே மடுவுக்கு வந்தான்.

"துடுப்பா, எனக்குச் சுனையில் பத்து நாள் இருக்கிறது. கோடையின் கடைசிப் பத்து நாள்! இந்த வருடம் நான் போகப் போவதில்லை. உன் வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். மனசு கேட்கவில்லை. நீ எடுத்துக்கொள்!"

துடுப்பனுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. "அண்ணே, இதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?"

"பெரிதாக ஒன்றும் வேண்டாம். மழைக்காலம் முடிகிறவரை தினம் இரண்டு விரால் மீன் கொண்டுவந்து கொடு. போதும்."

சவ்வாதன் பொய் சொல்கிறவனாகத் தெரியவில்லை. மறுநாளே துடுப்பனை மலைக்கு அழைத்துப் போனான். "அதோ பார்!" என்று வாசல் பாறையைக் காட்டினான். சவ்வாதனின் கால் தடத்துக்குக் கீழே பத்துக் கீறல்கள் பளிச்சென்று தெரிந்தன. பத்து அடி தூரத்தில் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அதனிடமும் ஒரு வார்த்தை..." என்று துடுப்பன் இழுத்தான்.

சவ்வாதனின் முகம் வாடிவிட்டது. "என்மேல் நம்பிக்கை இல்லையா? தாராளமாகப் போய்க் கேள். ஆனால் அது சரியான முசுடு. என் நாட்களை இன்னொருவருக்குக் கொடுக்கிறேன் என்று இப்போதே தெரிந்தால் ஆயிரம் குறுக்குக் கேள்வி கேட்கும். சமயம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன்."

உதவ வந்தவனைச் சந்தேகப்படுவதா என்று துடுப்பனுக்கு வெட்கமாகப் போயிற்று. உடும்பிடம் கேட்காமலே திரும்பி வந்தான்.

அவனோடு மீன் பிடிக்கும் நீர்க்காகம் மட்டும் சொன்னது: "பாதி மீனை இப்போது கொடு. மீதியைச் சுனையில் இறங்கிய பிறகு கொடு. ஒழுங்கானவன் என்றால் ஒப்புக்கொள்வான்!"

"அவர் மனசு நோகுமே!" என்றான் துடுப்பன்.

நீலியும் கேட்டாள். "உடும்பிடம் விசாரித்தீர்களா?"

அவளைக் கலங்க வைப்பானேன் என்று நினைத்தான். "விசாரித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது" என்றான்.

மழைக்காலம் முழுக்கத் தினமும் விடியலில் வெள்ளத்தில் இறங்கினான். நல்ல விராலாக இரண்டைச் சவ்வாதனின் பொந்து வாசலில் வைத்தான். மிஞ்சிய பொடிமீனை அவனும் நீலியும் தின்றார்கள். ஒருநாள் மரக்கட்டை மோதி அவன் விலா வீங்கியது. அன்றும் மீன் தவறவில்லை.

கோடை வந்தது. மடு சுருங்கியது. கடைசிப் பத்து நாளின் முதல் நாள், இருவரும் மலை ஏறினார்கள். நீலியால் பத்தடி சேர்ந்தாற்போல நடக்க முடியவில்லை. ஏறத்தாழ அவளைச் சுமந்துகொண்டுதான் துடுப்பன் வாசலை அடைந்தான். உள்ளே தண்ணீர் சலசலக்கும் ஓசை கேட்டது. நீலி கண்ணை மூடிச் சிரித்தாள்.

"யார் நீங்கள்?" என்றது உடும்பு.

"சவ்வாதன் அண்ணன் தன் பத்து நாளை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்."

உடும்பு தலையை ஆட்டியது. "அவன் அதைப் போன மாதமே காட்டுப்பன்றிக்குக் கொடுத்துவிட்டானே! நேரில் வந்து என் காதில் சொல்லிவிட்டுப் போனான். பன்றிக் குடும்பம் உள்ளேதான் இருக்கிறது. இதே பத்து நாளைக் கேட்டு இன்று வந்தவர்களில் நீங்கள் நாலாவது!"

துடுப்பன் வாசல் பாறையைக் காட்டினான். "பாறையில் பத்துக் கீறல் பார்த்தேனே!"

"கீறல் உண்மைதான். அது அவனுக்குரிய நாள். அதை உனக்குத் தந்ததாக என்னிடம் சொன்னானா? அதைத்தானே நீ கேட்டிருக்க வேண்டும்! அன்றைக்கு இவ்வளவு தூரம் வந்தாய். பத்து அடி நடந்து என்னிடம் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன்."

நீலி மெல்லத் தலையைத் திருப்பினாள். "விசாரித்தேன் என்று சொன்னீர்களே?"

துடுப்பன் தரையைப் பார்த்தான்.

துடுப்பன் உடும்பின் காலில் விழுந்தான். "எனக்கு வேண்டாம். இவளை மட்டும் உள்ளே விடுங்கள்!"

"ஒருவரை விட்டால் காடே வந்து நிற்கும். சுனை அவ்வளவு பெரிதில்லை" என்றது உடும்பு. ஆனாலும் உள்ளே போய், தேக்கு இலை ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்து நீலியின் முதுகில் ஊற்றியது. அதனால் முடிந்தது அவ்வளவுதான்.

இறங்கும் வழியில், பாதி மலையில், நீலியின் மூச்சு நின்றது.

அவளை அங்கேயே ஒரு பாறை மறைவில் கிடத்தி இலைகளால் மூடிவிட்டு, துடுப்பன் நேரே சவ்வாதனின் பொந்துக்குப் போனான். காட்டு விலங்குகள் கூடிவிட்டன.

"பாவி! பத்து நாளைத் தருவதாகச் சொல்லி மீனைத் தின்றாயே!"

சவ்வாதன் நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நானா? எப்போது சொன்னேன்? யார் சாட்சி? பிரியமாகக் கொண்டுவந்தாய், சாப்பிட்டேன். உன் வீட்டில் துக்கம். அதனால் நீ பேசுவதை நான் பெரிதுபடுத்தவில்லை."

நீர்க்காகம் முன்னால் வந்தது. "மீன் கொடுத்ததை நான் பார்த்தேன்!"

"மீனைப் பார்த்தாய். பேச்சைக் கேட்டாயா?"

ஏமாந்த மற்றவர்கள் வெட்கத்தில் அந்தப் பக்கமே வரவில்லை. கூட்டம் கலைந்தது. சவ்வாதன் வாலை ஆட்டிக்கொண்டு பொந்துக்குள் போய்ப் படுத்தான்.

அதற்குப் பிறகு வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் துடுப்பனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "நீ ஏன் முன்பே விசாரிக்கவில்லை?" மான் கேட்டது. முயல் கேட்டது. நேற்று வந்த குரங்குகூடக் கேட்டது. "நீ ஏன் ஏமாற்றினாய்?" என்று சவ்வாதனை ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த மழையில் மடு நிரம்பியது. துடுப்பன் தனக்கு மட்டும் ஒரு மீன் பிடித்துத் தின்றுவிட்டுக் கரையில் படுத்துக்கிடந்தான்.

விசாரிக்க வெட்கப்பட்டு, கைக்கு வராத ஒன்றுக்காக எல்லாவற்றையும் முன்னதாகவே கொடுத்துவிடுகிறவன், ஏமாற்றுகிறவனின் வேலையில் பாதியைத் தானே செய்து முடிக்கிறான்.