சுற்றாத ஷாஃப்ட்

“என் பாடத்துல ஒரு குறை சொல்லுங்க மேடம், பார்ப்போம்” என்றார் இசக்கியப்பன்.

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு நாற்பது. தாடியை வைத்து குருவை அடையாளம் காணப் பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். தாடி சீடருக்குத்தான் இருந்தது.

பம்ப் தயாரிக்கும் ஆலையில் அரை ஆயுளைக் கழித்தவர் இசக்கியப்பன். பாடம் நடத்தும் ஆசையில் அந்த வேலையை விட்டுவிட்டு, இயந்திரவியல் பேராசிரியராக இந்தக் கல்லூரிக்கு வந்தார். குரு என்று நான் சொல்வது துறைத்தலைவர் நூர்ஜஹானை.

“குறை சொல்றது நானில்ல சார், பிள்ளைங்க. போன செமஸ்டர்லயும் இதையேதான் சொன்னாங்க. இந்தத் தடவையும் சொன்னா நிர்வாகம் உங்களை வெச்சிருக்காது.”

“என்னதான் சொல்றாங்க?”

“ஒண்ணும் புரியலையாம்.”

இசக்கியப்பனின் முகம் சுருங்கியது. ஆலைக்குத் திரும்பிப் போக முடியாது. அவருடைய நாற்காலியில் இப்போது வேறொருவர். திரும்பிப் போக விருப்பமும் இல்லை.

“ஒரு நிமிஷம் வீணாக்கினது கிடையாது மேடம். மணி அடிக்கவும் என் கடைசி வரி முடியவும் சரியா இருக்கும். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் சந்தேகம் கேட்டதில்ல!”

“ஒருத்தர்கூடவா?”

“எங்கே சந்தேகம் வரும்னு எனக்குத் தெரியாதா? அதுக்கும் சேர்த்து நானே பதில் சொல்லிடுவேன்.”

நூர்ஜஹான் எழுந்து பட்டறைக்கு நடந்தார். சீடர் பின்னால் போனார்.

மேசைமேல் ஷாஃப்ட் எனப்படும் ஓர் எஃகுச் சுழல்தண்டும், அது உள்ளே சுழல வேண்டிய ஒரு பித்தளை வளையமும் இருந்தன.

“ஷாஃப்ட் இருபத்தஞ்சு மில்லிமீட்டர். வளையத்தோட உள்விட்டமும் அதே இருபத்தஞ்சு. நானே லேத்துல கடைஞ்சது. கொஞ்சம் மாட்டிக் கொடுங்க சார்.”

இசக்கியப்பன் அளந்து பார்த்தார். யார் சொன்னாலும் அளந்து பார்ப்பது அவர் வழக்கம்.

“அளவு பிரமாதம்” என்றார்.

மாட்டிப் பார்த்தார். நுழையவில்லை.

அழுத்தினார். நுழையவில்லை.

சுத்தியலை எடுத்தார். நுழைந்தது.

“இப்போ சுத்துங்க” என்றார் நூர்ஜஹான்.

சுற்றவில்லை.

“அளவு பிரமாதம்னீங்களே!”

“என்ன மேடம், கிண்டலா? முதல் வருஷப் பையனுக்குத் தெரியும் இது. ரெண்டும் ஒரே அளவுன்னா எப்படிச் சுத்தும்? நடுவுல முடியளவாவது இடம் விடணும்.”

“எதுக்கு?”

“எண்ணெய் போக வேண்டாமா? அடிச்சு இறக்கினா உள்ளே போகும், போனா போன இடத்துலயே கிடக்கும். அசையாது.”

“முடியளவுன்னாலும் வெற்றிடம்தானே. வீண் இல்லையா சார்?”

“வீணா?” இசக்கியப்பனுக்குக் கோபமே வந்துவிட்டது. “நல்லாக் கேட்டீங்க! அந்த வெற்றிடம் இருக்கறதாலதான் மேடம்...”

நிறுத்தினார்.

கையிலிருந்த ஷாஃப்டைப் பார்த்தார்.

மணி அடித்தது.

“உங்களுக்கு வகுப்பு” என்றார் நூர்ஜஹான். “சுத்தியலை வெச்சுட்டுப் போங்க.”

வகுப்பில் இசக்கியப்பன் கரும்பலகைப் பக்கம் திரும்பவில்லை.

“பிரேக் போட்டா வண்டி நிக்குது” என்றார். “இவ்வளவு நேரம் இருந்த வேகம் எங்கே போச்சு?”

பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது. அதற்கடுத்த மூன்று பதில்களும் வரிசையில் நின்றன. அவர் வாயை மூடிக்கொண்டார்.

மின்விசிறி சுற்றியது. யாரோ இருமினார்கள். வியர்த்துக் கொட்டியது, அவருக்கு.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“சார், அதுக்கு பதில் தெரியல. ஆனா உங்க முதல் வகுப்புலேர்ந்து ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்.”