தங்கையாவின் வாக்குத்தத்த அட்டை

இதை வாசிப்பவர்கள் ஒரு வரியையும் தாண்டிப் போக வேண்டாம். தாண்டிப் போனதால் வந்த வினைதான் இந்தக் கதை. தாண்டாமல் போனதாலும் கொஞ்சம் வினை வந்தது.

சுகிர்தபுரத்துக் கொத்தனார் தங்கையா, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கையில் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, கோணலாகக் கூடியது. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு மார்ச் இருபத்தொன்றாம் தேதி கொடுத்தார்கள். அதை விட்டால் ஜூலையில்தான். தள்ளத் தள்ள எலும்பு இறுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அந்த ஊர்ச் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளை நீட்டுவார்கள். அட்டைக்கு ஒரு வேத வசனம். கையில் வருவது அந்த ஆண்டுக்குக் கடவுள் தனக்கென்று சொன்னது என்பது நம்பிக்கை. படுக்கையில் கிடந்த கணவருக்காக மனைவி அன்னப்பழம் ஓர் அட்டை எடுத்தார். தொடக்கம் சிறிதானாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்ற பொருளில் வசனம் வந்தது. தங்கையா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதன்பின் ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

"முடிவு நல்லாருக்கும்னு கடவுளே சொல்லிட்டாரு. பொறவு கத்தி எதுக்கு?"

தங்கையாவுக்கு எழுத்துத் தெரியாது. அன்னப்பழத்துக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை தெரியாது. தங்கையாவின் தங்கை சலோமி, ஞாயிறு மதியங்களில் சபைக் கோயிலில் பெண்களுக்கு வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுத்து வந்தார். வரி மாறாமலிருக்க வரிக்கு அடியில் ஓர் அட்டையை வைத்து நகர்த்த வேண்டும் என்பது அவருடைய முதல் பாடம். அன்னப்பழம் அந்த வகுப்பில் சேர்ந்த அன்றே தங்கையா ஒரு சத்தியம் வாங்கினார்: "எனக்கும் வாசிச்சுக் காட்டணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

மார்ச் ஐந்தாம் தேதி ஞாயிறு. வகுப்பில் எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்த ஒரு நீதிமானின் சரித்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வாசிக்கும் முறை அன்னப்பழத்துடையது. எழுத்தைக் கூட்டிக் கூட்டி வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். அட்டையில் வந்த அதே வசனம். அதைச் சொல்பவர் கடவுள் அல்ல, துக்கம் விசாரிக்க வந்த சிநேகிதர்களில் ஒருவர்.

சலோமி மளமளவென்று பக்கங்களைப் புரட்டி அந்தச் சரித்திரத்தின் கடைசி அதிகாரத்துக்குப் போனார். அங்கே அந்தச் சிநேகிதர்கள்மேல் கடவுள் கோபப்படுகிறார். தம்மைக் குறித்து அவர்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

"மைனி, போச்சு. சொன்ன ஆளைக் கடவுளே கண்டிச்சிருக்காரு" என்றார் அண்ணியிடம்.

அன்னப்பழத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடவுள் சொல்லாததும் வேதத்தில் இருக்குமா? சபைப் போதகரை அங்கே ஐயர் என்பார்கள். அவரிடம் போய்க் கேட்டார்.

"வேதத்துல இருக்கது எல்லாம் நம்ம ஆறுதலுக்குத்தாம்மா. படுத்திருக்க மனுசனைக் கலக்காதீங்க" என்றார் ஐயர். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து, அந்த ஒரு வசனத்தை மட்டும் வாசித்து, ஜெபித்துவிட்டுப் போனார். தங்கையா இன்னும் உறுதியானார்.

மறுநாள் சலோமி வந்தார். சிநேகிதர் சொன்னதையும் கடவுள் கோபப்பட்டதையும் அடுத்தடுத்து வாசித்துப் புத்தகத்தை மூடினார். "இனியாவது ஆஸ்பத்திரிக்கு வாங்கண்ணே."

தங்கையா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "எனக்குன்னு வந்த ஒத்த வார்த்தையும் இல்லன்னு ஆயிப்போச்சு. இனி நான் எங்க வந்து என்ன?" இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை.

பத்தாம் தேதி அன்னப்பழம் கட்டிலருகே உட்கார்ந்து, அந்தச் சரித்திரத்தை முதல் அதிகாரத்திலிருந்து எடுத்தார். வரிக்கு அடியில் வைக்க அட்டை தேடினார். தங்கையா தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினார். "இந்தா, இதுக்காவது உதவட்டும்."

ஒரு நாளைக்கு இரண்டு அதிகாரம்தான் ஓடியது. மொத்தம் நாற்பத்திரண்டு.

"ஏளா, நீ ஒரு வரி வாசிக்கதுக்குள்ள நான் ஒரு சுவரே எழுப்பிருவேன்."

"எழுப்புங்க. அதுக்குத்தான ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுதேன்."

"முடிவைக் கேக்காம எங்கயும் வரமாட்டேன்."

இருபதாம் தேதி இருபத்திரண்டாம் அதிகாரம் முடிந்தது. சலோமி கெஞ்சினார்: "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேன் வருது மைனி. கடைசிப் பக்கத்துக்குப் போங்க."

"நடுவுல இருக்கதை என்ன செய்ய? குறைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

மறுநாள் வேன் வந்து, சும்மா திரும்பிப் போனது.

முப்பதாம் தேதி கடைசி அதிகாரம். கடவுள் கோபப்படுகிறார். அன்னப்பழத்தின் அட்டை அங்கே நிற்காமல் கீழே இறங்கியது. சில வரிகளுக்குப் பின், சாம்பலில் உட்கார்ந்தவருக்கு இழந்ததெல்லாம் இரட்டிப்பாய்த் திரும்பி வருகிறது. தொடக்கத்தைவிட முடிவு பெரிதாகிறது.

தங்கையா குழம்பிப்போனார். "அப்ப அந்தச் சிநேகிதன் சொன்னது பலிச்சிருச்சே! பின்ன கடவுளுக்கு எதுக்குக் கோவம்?"

"தெரியலைங்க. அது சாம்பல்ல உக்காந்தவருக்கு நடந்தது. உங்களுக்கு என்ன நடக்கும்னு இதுல எழுதலை."

தங்கையா சொன்னார்: "எழுதலைன்னா போய்த்தான் பாக்கணும்."

ஜூலையில் ஆபரேஷன் நடந்தது. இப்போது நடக்கிறார், கம்பு ஊன்றி. மார்ச்சில் வந்திருந்தால் கம்பு வேண்டியிருக்காது என்றார் டாக்டர். சாரம் ஏற இனி முடியாது.

ஐயர் ஒரு வசனத்தால் தேற்றினார். சலோமி இரண்டு இடங்களைக் காட்டி உண்மையைச் சொன்னார். அன்னப்பழம் முழுவதையும் வாசித்தார், தேதி போயிற்று. மூவரில் யார் செய்தது சரி? சொல்லுங்கள்.

விடை: வாசித்த விதத்தில் அன்னப்பழம்தான் சரி. ஐயர் ஆறுதலோடு நின்றார். சலோமி கடவுளின் கோபத்தோடு நின்றார், இன்னும் சில வரிகள் போயிருந்தால் முடிவைக் கண்டிருப்பார். ஆனால் அன்னப்பழம் கொடுத்த சத்தியம் கூட்டாமல், குறைக்காமல் வாசிப்பதற்கு மட்டும்தான். வீட்டில் வைத்தே வாசிக்க வேண்டும் என்று அதில் இல்லை. புத்தகத்தோடு வேனில் ஏறி, "மீதி அங்கே" என்றிருந்தால், முடிவைக் கேட்காமல் இருக்க முடியாத மனிதர் தன்னையும் ஏற்றச் சொல்லியிருப்பார். இதைக் கண்டுபிடித்தவரும் தங்கையாதான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு. ஞாயிறு மதியம் பெண்கள் வகுப்பில் இப்போது ஓர் ஆணும் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிறார். வரிக்கு அடியில் அதே அட்டை, வசனம் அச்சான பக்கம் கீழே இருக்க.